எண்ணும் எல்லையும்: சாதன இயக்கிகளில் உள்ளீட்டளவுச் சோதனை பற்றிய ஒரு நோக்கு

சி மொழியில் எழுதப்படும் சாதன இயக்கிகளில் நீண்ட காலமாகத் திரும்பத் திரும்பத் தலைகாட்டிவரும் ஒரு பிழையினை விளக்குவதும், அதனைத் தவிர்க்கும் வழிவகைகளை எடுத்துரைப்பதும், அது ஏன் இன்னும் ஒழியவில்லை என்பதை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வில் ஈடுபட்ட ஒருவன் இத்தகைய பொருளை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயின், செய்நிரலும் மனிதர் எழுதி மனிதர் வாசிக்கும் எழுத்தே. எழுத்தொன்று சொல்வதாகத் தோன்றுவதும் அது உண்மையிற் செய்வதும் வேறுபடக்கூடும் என்பதை இலக்கிய மாணவர் அறிவர். இங்கு ஆராயப்படும் பிழை அத்தகையதொரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றது.

வங்கியின் பேரேடும், மருத்துவமனையின் நோயாளர் பதிவும், கையிலுள்ள தொலைபேசியும் இன்று இவ்வகை எழுத்தின் மீதே தங்கியிருக்கின்றன. அதனை வாசிக்க வல்லோர் தொகை சிறிது. அதன் விளைவுகளுக்கு உட்படுவோர் தொகை மிகப் பெரிது. ஆகவே, இது துறை வல்லுநருக்கு மட்டுமே உரிய பொருள் என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

1. எண்ணின் இருவகை இருப்பு

பாடசாலையில் நாம் கற்கும் நிறைவெண்களுக்கு மேல் எல்லை இல்லை. எவ்வளவு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதனோடு ஒன்றைக் கூட்டினால் அதனிலும் பெரிய எண் கிடைக்கும். இது கருத்துலகின் எண். கணினியின் எண் அத்தகையதன்று. குறிப்பிட்ட தொகையான பிற்றுக்களில் இடங்கொண்டுள்ள ஒரு பௌதிகப் பொருளே அது. 32 பிற்றுக்கள் கொண்ட குறியற்ற நிறைவெண் 0 முதல் 4294967295 வரையிலான பெறுமானங்களை மட்டுமே ஏற்கும். 64 பிற்று எண்ணின் உச்சம் 18446744073709551615 ஆகும். இவை மிகப் பெரிய எண்கள் என்பது உண்மை. ஆயினும் எல்லையுடைய எண்கள்.

எல்லையைத் தாண்டும்போது நிகழ்வது யாது? பழைய மோட்டார் வாகனங்களின் தூரமானி இதற்கு நல்ல உதாரணமாகும். ஐந்து இலக்கங்கள் மட்டுமே கொண்ட மானி 99999 ஐக் காட்டியபின் அடுத்த அலகில் 00000 ஐக் காட்டும். வண்டி ஓடிய தூரம் குறைந்துவிடவில்லை. அதனை எழுத இடம் இல்லாமற் போயிற்று. குறியற்ற நிறைவெண்களும் இவ்வாறே சுழன்று தொடக்கத்துக்கு வருகின்றன. 32 பிற்று எண்ணில் 4294967295 உடன் ஒன்றைக் கூட்டினாற் கிடைப்பது பூச்சியம். இதனையே நாம் இக்கட்டுரையில் நிறைவெண் வழிவு என்று குறிப்பிடுகின்றோம். கீழ்ப்புறமாகவும் இது நிகழும்: பூச்சியத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் எதிர் எண் வருவதில்லை, 4294967295 வருகின்றது.

இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். குறியற்ற எண்கள் சுழல்வது சி மொழியின் விதிப்படி பிழையன்று; அவ்வாறே நிகழவேண்டும் என்று மொழியின் நியமம் கூறுகின்றது. எச்சரிக்கையும் எழாது, செய்நிரலும் நின்றுவிடாது. இதன் காரணத்தை வரலாற்றிலேயே தேடவேண்டும். பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி 1972 அளவில் இம்மொழியை உருவாக்கியபோது அவர் முன்னிருந்தது 16 பிற்றுச் சொற்களையுடைய பி.டி.பி.-11 எனும் சிறிய கணினி. 1973 இல் யுனிக்ஸ் முறைமையின் கரு இம்மொழியில் மீள எழுதப்பட்டது. பொறிக்கு மிக அண்மையில் நிற்பதும், பொறி செய்வதற்கு மேலாக எதனையும் தானாகச் சேர்க்காதிருப்பதுமே அம்மொழியின் வலிமையாயிருந்தன. ஒவ்வொரு கூட்டலின் பின்னும் எல்லை மீறப்பட்டதா என்று வினவுவது அன்றைய நிலையிற் பெருஞ்செலவாகக் கருதப்பட்டிருக்கும். பல கணினிகளின் மத்திய செயலாக்கப் பகுதி, கூட்டலின் மிகுதி வழிந்தது என்பதனைத் தன்னுள்ளே குறித்து வைக்கின்றது. ஆயின் அக்குறிப்பை நேராக வாசிக்கும் வழி எதனையும் சி மொழி செய்நிரலாளருக்கு அளிக்கவில்லை.

2. இயக்கி நிற்கும் இடம்

டிரைவர் எனப் பொதுவழக்கிற் கூறப்படும் சாதன இயக்கி, பணிசெயல் முறைமைக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று தொழிற்படும் செய்நிரலாகும். லினக்ஸ் போன்ற முறைமைகளில் இயக்கிகளிற் பெரும்பாலானவை முறைமையின் கருவினுள்ளேயே இயங்குகின்றன. பயனரின் செய்நிரல் தவறிழைத்தால், கரு அதனைத் தடுத்து நிறுத்தும். இயக்கி தவறிழைத்தால் அதனைத் தடுக்க அதற்கு மேற்பட்ட அதிகாரி எவருமில்லை. அதுவே அதிகாரத்தின் உள்ளே இருக்கின்றது.

அதேவேளை, இயக்கி வெளியாரோடு ஓயாது உரையாட வேண்டியதும் ஆகும். 'இத்தனை பைற்றுக்களை எழுது', 'இந்த இடத்திலிருந்து இத்தனை நீளத்தை எனக்குக் காட்டு', 'இத்தனை உறுப்புக்கள் கொண்ட அணியைப் பெற்றுக்கொள்' என்று பயனரின் செய்நிரல் கேட்கின்றது. இவற்றில் வரும் எண்கள் யாவும் வெளியாரால் தெரிவு செய்யப்பட்டவை. செருகப்படும் சாதனம் தன்னைப் பற்றித் தெரிவிக்கும் நீளங்களும் இவ்வாறே வெளியிலிருந்து வருவன. சாதனமும் பொய் சொல்லலாம். எனவே, எண் ஒன்றைப் பயன்படுத்துமுன் அது ஏற்கத்தக்க எல்லைக்குள் நிற்கின்றதா என்று சோதித்தல் இயக்கியின் முதற் கடமையாகின்றது.

இக்கடமையைச் செய்நிரலாளர் பலரும் அறிவர். நாம் ஆராயும் பிழை சோதனையை மறந்தமையால் நேர்வதன்று. சோதனையைச் செய்யும்போதே நேர்வது. இங்குதான் பிரச்சினையின் மையம் உள்ளது. அளவைச் சோதிக்கும் கூற்றும் ஒரு கணிப்பே. எந்த எல்லை மீறப்படாமற் காக்க அது எழுதப்பட்டதோ, அதே வகையான எல்லைக்கு அதுவும் உட்பட்டது.

3. ஒரு வரியின் வரலாறு

பொதுவாகக் கூறியதை உண்மையான சான்று ஒன்றினாற் காண்போம். யு.எஸ்.பி. வழியாக மேலதிகத் திரையொன்றைக் கணினியுடன் இணைக்க உதவும் டிஸ்பிளேலிங்க் வகைச் சாதனங்களுக்கென லினக்ஸ் கருவில் ஓர் இயக்கி இருந்தது. திரையிற் காட்டப்படும் படத்துக்கென அது நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கும். அப்பகுதியை, அல்லது அதன் ஒரு துண்டை, தன் பார்வைக்கு எடுத்துக்கொள்ளுமாறு பயனரின் செய்நிரல் கேட்கலாம். எவ்விடத்திலிருந்து, எவ்வளவு நீளம் என்று அது கூறும். இயக்கியில் இருந்த சோதனையைத் தமிழில் இவ்வாறு எழுதலாம்:

தொடக்கம் + நீளம் > கொள்ளளவு எனில், மறு.

கணித நோக்கில் இதிற் குறையேதும் இல்லை. கேட்கப்படும் துண்டு முடியும் இடம் ஒதுக்கப்பட்ட பகுதிக்கு அப்பாற் சென்றால் மறுக்க வேண்டும். அதனையே அவ்வரி சொல்கின்றது. வாசிப்பவர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்வர். ஆயின், பொறி அவ்வரியைக் கருத்துலகின் எண்களால் வாசிப்பதில்லை. தொடக்கம் 18446744073709547520 எனவும் (அதாவது 64 பிற்று எண்களின் தொகையான 2 இன் 64 ஆம் அடுக்கிலும் 4096 குறைவு), நீளம் 8192 எனவும் கொள்வோம். கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டிச் சுழன்று 4096 ஆகின்றது. 4096 கொள்ளளவிலும் சிறிது. எனவே சோதனை கோரிக்கையை அனுமதித்துவிடுகின்றது.

அடுத்த வரியில் இயக்கி, ஒதுக்கிய பகுதியின் முகவரியுடன் தொடக்கத்தைக் கூட்டுகின்றது. இங்கும் அதே சுழற்சி நிகழ்கின்றது. விளைவு, அப்பகுதிக்கு 4096 பைற்றுக்கள் முன்னே உள்ள முகவரி. ஒரு பக்கம் பொதுவாக 4096 பைற்றுக்கள் கொண்டது. ஆகவே, பயனருக்குத் திறந்துவிடப்படுவது திரைக்குரிய பகுதியன்று, அதற்கு முற்பட்டதும் கருவுக்குரியதுமான பக்கம். தொடக்கத்தை வேறு வேறாகத் தெரிவதன் மூலம் வேறு பக்கங்களையும் அடையலாம். கருவின் நினைவகத்தை வாசிக்கவும் மாற்றவும் சாதாரண பயனருக்கு வழி பிறக்குமாயின், அம்முறைமையில் உள்ள எந்தக் கட்டுப்பாட்டுக்கும் பொருளில்லாமற் போகின்றது.

2018 இல் இக்குறை கண்டறியப்பட்டு, சீ.வி.ஈ.-2018-8781 எனும் இலக்கத்தின் கீழ்ப் பதிவாயிற்று. 2012 இல் வெளிவந்த 3.4 ஆம் பதிப்பு முதல் 2018 இல் வெளிவந்த 4.15 ஆம் பதிப்பு வரையும் அது இருந்தது எனப் பதிவு கூறுகின்றது. மூலநிரல் மறைவாக வைக்கப்பட்டிருக்கவில்லை. உலகில் எவரும் வாசிக்கத்தக்கதாகவே இருந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அவ்வரி எல்லோர் கண்முன்னும் இருந்தும், அது சொல்லவந்ததையே வாசித்தார்களன்றி, அது செய்வதை வாசிக்கவில்லை எனலாம்.

4. சோதனையை மாற்றி எழுதுதல்

இதற்கான திருத்தம் எளிதானது. ஆயினும் அதன் தர்க்கம் கவனமாக நோக்கத்தக்கது. வெளியாரின் எண்ணோடு எதனையும் கூட்டாது, நமக்குத் தெரிந்த எண்ணிலிருந்து கழித்தல் வேண்டும்:

தொடக்கம் > கொள்ளளவு எனில், மறு.
நீளம் > கொள்ளளவு − தொடக்கம் எனில், மறு.

முதலாவது கூற்றிற் கணிப்பே இல்லை. வெறும் ஒப்பீடு மாத்திரமே உண்டு. ஆகவே வழிவதற்கு எதுவுமில்லை. அதனைத் தாண்டியவிடத்து, தொடக்கம் கொள்ளளவிலும் பெரிதன்று என்பது உறுதியாகின்றது. அவ்வுறுதியின் மீது நின்றே இரண்டாவது கூற்றின் கழித்தல் பாதுகாப்பாக நிகழ்கின்றது. 1024 பைற்றுக் கொள்ளளவில் தொடக்கம் 1000, நீளம் 500 எனில், எஞ்சிய இடம் 24. எனவே கோரிக்கை மறுக்கப்படும். தொடக்கம் மாபெரும் எண்ணாயின் முதற்கூற்றே மறுத்துவிடும். மேற்கூறிய இயக்கியிற் செய்யப்பட்ட திருத்தமும் இதுவே. அதனோடு இன்னொன்றும் சேர்க்கப்பட்டது: பயனரின் தொடக்கம் பக்க எண்ணாக வந்து 4096 ஆற் பெருக்கப்படுவதால், அப்பெருக்கலிலேயே மேலுள்ள பிற்றுக்கள் தொலைந்துவிடாதா என்பதும் முதற்கண் சோதிக்கப்பட்டது.

இதிலிருந்து, 'கூட்டாதே, கழி' என்பதை ஒரு மந்திரமாக எடுத்துக்கொள்வோரும் உளர். அவ்வாறு சூத்திரமாக்குவதன் ஆபத்தை மற்றுமொரு சான்று காட்டுகின்றது. லினக்ஸ் கருவிற் கோப்பு முறைமைகளை இணைக்கும்போது தரப்படும் தெரிவுகளை ஒரு பக்க நினைவகத்திற் சேர்த்து எழுதும் பகுதி ஒன்று உண்டு. 2019 இல் வெளிவந்த 5.1 ஆம் பதிப்பில் அதன் சோதனை பின்வருமாறு இருந்தது:

நீளம் > 4096 − 2 − எழுதியது எனில், மறு.

எழுதியவர் கழித்தலையே பயன்படுத்தினார். ஆயின், 'எழுதியது' 4094 இலும் பெரிதாக முடியாது என்பதை அவர் முன்கூட்டி உறுதிசெய்யவில்லை. அது 4095 ஆனபோது, கழித்தலின் விடை எதிர் ஒன்றாக வரவேண்டியது, குறியற்ற எண்ணாதலால் 64 பிற்றுக்களின் உச்சப் பெறுமானமாக வந்தது. அதன்பின் எந்த நீளமும் அதனிலும் பெரிதாக இருக்கமுடியாது. ஆகவே சோதனை எதனையும் மறுக்கவில்லை. சீ.வி.ஈ.-2022-0185 என 2022 சனவரியில் வெளியான குறை இதுவாகும். அதற்கான திருத்தத்தில் மீண்டும் கூட்டலே கையாளப்பட்டது என்பது சுவையானது. அவ்விடத்திற் கூட்டப்படும் எண்கள் ஏற்கெனவே சிறியனவாக வரையறுக்கப்பட்டிருந்தமையாற் கூட்டல் பாதுகாப்பானதாயிற்று.

ஆகவே, கூட்டலோ கழித்தலோ தன்னளவில் நல்லதுமன்று தீயதுமன்று. ஒவ்வொரு கணிப்பும் எந்த நிபந்தனையின் கீழ் எல்லைக்குள் நிற்கும் என்பதும், அந்நிபந்தனை அக்கணிப்புக்கு முன்னரே நிலைநாட்டப்பட்டுள்ளதா என்பதுமே கேட்கவேண்டிய வினாக்கள்.

5. பெருக்கல், அகலம், குறி

கூட்டலிலும் பெருக்கல் விரைவாக எல்லையை எட்டுவது. ஒவ்வொன்றும் 4 பைற்றுக்கள் கொண்ட உறுப்புக்கள் 1073741825 தரப்போவதாகப் பயனர் கூறுகின்றார் எனக் கொள்வோம். 32 பிற்றுக் கணிப்பில் இவற்றின் பெருக்கம் 4 ஆகச் சுருங்கும். இயக்கி 4 பைற்று நினைவகத்தைப் பெற்றுக்கொண்டு, அதனுள் நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புக்களை எழுதத் தொடங்கும். இது வெறும் ஊகமன்று. 2002 இல் ஓப்பின் எஸ்.எஸ்.எச். எனும் தொலைத்தொடர்பு மென்பொருளில் வெளிப்பட்ட பெருங்குறை இவ்வடிவினதே; அது இயக்கியன்று எனினும் பாடம் ஒன்றுதான். இங்கும் வழி, பெருக்குமுன் வகுத்துப் பார்த்தலாகும்:

எண்ணிக்கை > உச்சம் ÷ உறுப்பளவு எனில், மறு.

உறுப்பளவும் வெளியிலிருந்து வருமாயின், அது பூச்சியமன்று என்பதையும் முதலில் உறுதிசெய்தல் வேண்டும். பெருக்கத்தோடு தலைப்புப் பகுதியின் அளவைக் கூட்ட வேண்டியிருப்பின், அக்கூட்டலும் தனியே சோதிக்கப்படல் வேண்டும். இரு படிகள் எனில் இரு சோதனைகள்.

அகன்ற எண்ணிற் கணித்தல் இன்னொரு வழி. இரு 32 பிற்று எண்களின் கூட்டுத்தொகையும் பெருக்கமும் 64 பிற்றில் எப்போதும் அடங்கும். ஆயின், இரு 32 பிற்று எண்களைப் பெருக்கி, விடையை 64 பிற்று மாறியில் இட்டுவிட்டால் போதும் என்று நினைத்தல் தவறு. சி மொழியிற் கணிப்பின் அகலத்தைத் தீர்மானிப்பவை பெருக்கப்படும் எண்களே. விடை சென்றடையும் பாத்திரமன்று. சிறு கிண்ணத்தில் வழிந்து போனதைப் பின்னர் பெருங்குடத்தில் ஊற்றிப் பயனில்லை. பெருக்குமுன் எண்களில் ஒன்றையேனும் அகலமாக்குதல் வேண்டும். எண்களே 64 பிற்றுக்களாயின் இவ்வழி உதவாது.

குறியுடைய எண்கள் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. நீளத்தைக் குறியுடைய மாறியில் வைத்திருக்கும் இயக்கியிடம், எதிர் ஒன்று எனும் நீளம் தரப்பட்டால், 'நீளம் > கொள்ளளவு' எனும் சோதனை அதனைச் சிறிய எண்ணாகக் கருதி அனுமதித்துவிடும். பின்னர் அதே பெறுமானம், குறியற்ற எண்ணை எதிர்பார்க்கும் பிரதி செய்யும் செயற்கூறிடம் போகும்போது, மாபெரும் எண்ணாக உருமாறும். மறுபுறமாக, அகன்ற குறியற்ற எண்ணொன்றைக் குறுகிய குறியுடைய மாறியில் இட்டபோது நேர்ந்த குறையொன்று 2014 முதல் லினக்ஸ் கருவில் இருந்து 2021 யூலையில் வெளியாயிற்று. அளவுகளைக் குறிக்கும் மாறிகள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வகையினவாகவும், குறியற்றனவாகவும், போதிய அகலம் உடையனவாகவும் இருத்தல் இவற்றைத் தவிர்க்க உதவும்.

சோதித்த எண்ணும் பயன்படுத்தும் எண்ணும் ஒன்றாயிருத்தலும் இன்றியமையாதது. பயனரின் நினைவகத்திலிருந்து நீளத்தை ஒருமுறை வாசித்துச் சோதித்துவிட்டு, பின்னர் மறுமுறை வாசித்துப் பயன்படுத்தினால், இடையில் அதனைப் பயனர் மாற்றிவிடலாம். ஒருமுறை வாசித்து, தன்னிடத்தே வைத்துக்கொண்டு, அதனையே சோதித்து, அதனையே பயன்படுத்துதல் வேண்டும்.

6. தொகுப்பியின் வாசிப்பு

'முதலிற் கூட்டுவோம், விடை கூட்டப்பட்டவற்றில் ஒன்றிலும் சிறிதாயின் வழிவு நேர்ந்துவிட்டது எனக் கொள்வோம்' என்பது பரவலான மற்றொரு முறை. 32 அல்லது 64 பிற்றுக் குறியற்ற எண்களுக்கு இன்றைய கணினிகளில் இது சரியானதே. ஆனால் 16 பிற்று எண்களுக்கு இது பயன்படாது. ஏனெனில், கூட்டுமுன் மொழி அவற்றைத் தானாகவே அகன்ற வகைக்கு மாற்றிவிடுவதால் விடை ஒருபோதும் சிறிதாவதில்லை. வழிவு நிகழ்வது பின்னர், விடையைக் குறுகிய மாறியில் இடும்போதே.

குறியுடைய எண்களில் இம்முறை ஆபத்தானது. அவற்றின் வழிவு மொழியின் நியமத்தில் வரையறுக்கப்படாத நடத்தை எனப்படுகின்றது. அதாவது, அது நிகழவே மாட்டாது என்று கருதிக்கொள்ளும் உரிமை தொகுப்பிக்கு உண்டு. நிகழவே மாட்டாத ஒன்றைச் சோதிக்கும் வரி அதன் நோக்கில் வீண் வரி. ஆகவே, செய்நிரலைச் செம்மையாக்கும் வேளையில் அவ்வரியை அது நீக்கிவிடலாம். முகவரியொன்றுடன் நீளத்தைக் கூட்டி அதே முகவரியோடு ஒப்பிடும் சோதனைகளைச் சில தொகுப்பிகள் ஓசையின்றி அகற்றிவிடுகின்றன என்று 2008 இல் அமெரிக்காவின் சேர்ட் நிலையம் எச்சரித்தது. மூலநிரலிற் காவலன் நிற்கின்றான். பொறி இயக்கும் நிரலில் அவன் இல்லை. எனவே, வழிவு நேர்ந்தபின் கண்டறிய முயல்வதிலும், நேருமுன் தடுப்பதே ஏற்புடையது.

7. தனிமனித கவனமும் கூட்டு ஏற்பாடும்

இவ்வளவும் தெரிந்தபின்பும் பிழை தொடர்வதேன்? செய்நிரலாளரின் கவனக்குறைவே காரணம் என்பது எளிதான விடை. ஆயின் அது போதிய விடையன்று. பல்லாயிரம் பேர் பல்லாண்டுகளாக ஒரே வகைப் பிழையை இழைப்பாராயின், அதன் காரணத்தைத் தனிமனிதரின் மனத்தில் மட்டும் தேடுதல் முறையாகாது. அவர்கள் உழைக்கும் நிலைமைகளிலும் கருவிகளிலும் தேடவேண்டும்.

முதலாவதாக, லினக்ஸ் மூலநிரலின் பெரும்பகுதி இயக்கிகளே. அவற்றிற் பல, சாதனம் சந்தைக்கு வரவேண்டிய நாளை நோக்கி எழுதப்படுபவை. எழுதுபவர் சாதனத்தை அறிந்தவர். கருவின் உட்பாங்கினை அதே அளவு அறிந்தவராயிருத்தல் வேண்டும் என்பதில்லை. பழைய இயக்கியொன்றை முன்மாதிரியாகக் கொண்டே புதியது எழுதப்படுகின்றது. முன்மாதிரியின் குறையும் கூடவே வருகின்றது. இரண்டாவதாக, சாதனம் இயங்குகின்றதா என்று பார்ப்பதே வழமையான பரிசோதனை. நேர்மையான உள்ளீட்டில் இப்பிழை ஒருபோதும் வெளிப்படாது. மூன்றாவதாக, 16 பிற்று, 32 பிற்றுக் காலங்களில் உருவான எழுத்து, மாறிய நிலைமைகளில் அப்படியே தொடர்கின்றது. அன்று ஒரு சில ஆய்வாளர் பகிர்ந்துகொண்ட கணினிக்குப் பொருந்திய நம்பிக்கை, அறிமுகமற்றோர் கோடிக்கணக்கில் இணைந்துள்ள உலகில் பொருந்துவதன்று.

இதனை உணர்ந்தமையாலேயே அண்மைக் காலத் தீர்வுகள் தனிமனித விழிப்பிலிருந்து கூட்டு ஏற்பாடுகளை நோக்கி நகர்ந்துள்ளன. எண்ணிக்கையையும் உறுப்பளவையும் தனித்தனியே பெற்று, வழிவு நேருமாயின் நினைவகம் தர மறுக்கும் செயற்கூறு 2012 இல் லினக்ஸ் கருவிற் சேர்ந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றைச் செய்து, வழிவு நேர்ந்ததா என்பதையும் உடன் தெரிவிக்கும் வசதியை ஜி.சி.சி. தொகுப்பி 2015 இல் தன் 5 ஆம் பதிப்பில் அளித்தது. 2018 இல் லினக்ஸ் 4.18 ஆம் பதிப்பு இவற்றைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததோடு, தலைப்பும் அணியும் சேர்ந்த அமைப்புக்களின் அளவைக் கணிக்கும் செயற்கூறுகளையும் தந்தது. இவை எல்லை மீறப்பட்டால் சுழல்வதில்லை. உச்சப் பெறுமானத்திலேயே நின்றுவிடுகின்றன. அவ்வளவு நினைவகம் எங்கும் இல்லையாதலாற் கோரிக்கை தானாகவே தோல்வியுறும். மேலே கண்ட திரை இயக்கியின் குறை வெளியான அதே ஆண்டில், இயக்கியைச் சென்றடையுமுன் கருவின் மையப்பகுதியிலேயே இத்தகைய கோரிக்கைகளுக்குப் பொதுவான எல்லை ஒன்று வகுக்கப்பட்டது. ஒவ்வொரு இயக்கியும் தனித்தனியே சரியாயிருக்கும் என்று நம்பியிருப்பதிலும் இது மேலானது. இறுதியாக, 2024 இல் வெளியான சி மொழியின் புதிய நியமம், வழிவைத் தெரிவிக்கும் கணிப்புச் செயற்கூறுகளை மொழியின் பொது உடைமையாக்கிற்று. மொழி தோன்றி அரை நூற்றாண்டின் பின்னரே இது நிகழ்ந்தது.

எனினும் கருவிகள் வாசிப்புக்கு மாற்றாகிவிடுவதில்லை. செயற்கூறு வழிவைத் தெரிவித்தபோதும் அதன் விடையைப் பாராது விட்டுவிடும் எழுத்தாளர் இருப்பர். ஆகவே, அளவொன்றைச் சோதிக்கும் வரியை எழுதுவோரும் வாசிப்போரும் பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்ளல் பயன்தரும்:

(அ) இவ்வெண் யாரால் தரப்பட்டது? அவர் தரக்கூடிய மிகப் பெரிய பெறுமானமும் மிகச் சிறிய பெறுமானமும் யாவை?

(ஆ) சோதனைக்குள் கணிப்பு நிகழ்கின்றதா? நிகழுமாயின், அதனை எல்லைக்குள் நிறுத்தும் நிபந்தனை அதற்கு முன்னரே நிலைநாட்டப்பட்டுள்ளதா?

(இ) கணிப்பு எத்தனை பிற்று அகலத்தில் நிகழ்கின்றது? குறி எங்கேனும் மாறுகின்றதா?

(ஈ) சோதித்த எண்ணைத்தான் பயன்படுத்துகின்றோமா?

(உ) இதனைச் செய்ய ஏற்கெனவே பொதுச் செயற்கூறு ஒன்று உண்டாயின், நாம் ஏன் தனியே எழுதுகின்றோம்?

இவ்வினாக்களிற் பெரிய கணிதம் எதுவுமில்லை. எண் என்பது கருத்து மாத்திரமன்று, இடங்கொண்டு நிற்கும் பொருளுமாகும் என்பதை மறவாதிருத்தலே அவற்றின் சாரம். அவ்வொற்றை வரி ஆறு ஆண்டுகள் பிழையாக நின்றது, அதனை வாசித்தோர் தம் மனத்திலுள்ள எண்ணைப் பொறியின் மீது ஏற்றி வாசித்தமையாலாகும். எழுத்தை அது இயங்கும் பௌதிக நிலைமைகளோடு சேர்த்து வாசிக்கும் பழக்கம் செய்நிரலாளருக்கும் வேண்டியதே.